கட்டிலுக்கு அடியில் ஓர் அடுப்பு

2019 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாடம்மாளின் வீட்டில் இரண்டு அடுப்புகள் இருந்தன. கணக்கெடுக்க வந்த பெண்களிடம் அவர் ஒன்று என்று சொன்னார்.

வீடு இருந்தது வண்டிப்பேட்டை காலனியில். ஆரியசாலைக்குப் பின்னால், கிள்ளிப்பாலத்திலிருந்து ஆற்றோரமாக இறங்கினால் வரும். மொத்தக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுவந்த மாட்டு வண்டிகளை ஒரு காலத்தில் அங்கே அவிழ்த்துப் போடுவார்கள். வண்டிகள் போன பிறகு ஆட்கள் வந்தார்கள். நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளைப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்கள். முதலில் ஓலை, பிறகு தகரம், அப்புறம் முடிந்த அளவுக்குக் கல் என்று வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பின. ஐப்பசி மழை வலுத்தால் கிள்ளியாறு உள்ளே வரும். அது போன பிறகு சுவரைக் கழுவிவிட்டு மறுபடி உலை வைப்பார்கள்.

மாடம்மாள் அங்கே வந்தது 1990இல், பத்தொன்பது வயதில், புதுப்பெண்ணாக. கணவர் வன்னியபெருமாள் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்காரர். பட்டம், கேசவதாசபுரம், பேரூர்க்கடை என்று நகரத்தின் பாதி அடுக்குமாடிகளுக்கு அவர் பலகை அடித்திருக்கிறார் என்று மாடம்மாள் சொல்வார். பாதி என்பது மிகை. ஆனால் பஸ்ஸில் போனால் வன்னியபெருமாள் ஜன்னல் வழியே விரலை நீட்டிக்கொண்டே வருவாராம். இது நம்ம அடிச்சது, அது நம்ம அடிச்சது என்று.

மாடம்மாளுக்கு ஆரியசாலையில் ஒரு வற்றல் கடையில் மிளகாய்க் காம்பு கிள்ளும் வேலை. இன்றும் அதே கடை. காரம் விரலை விட்டுப் போவதில்லை. கண் அரித்தால் விரலால் தொடமாட்டார், முழங்கையை மடக்கி அதனால் துடைப்பார். இப்படித் துடைப்பவர்களைக் கண்டால் மிளகாய்க் கடைக்காரி என்று ஆரியசாலையில் எல்லோருக்கும் தெரியும்.

கணவரின் தம்பி சுடலைக்கண்ணு கொத்தனார். அவர் மனைவி இசக்கிசெல்வி கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் காய் நறுக்குகிறார். அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ், ஒரே உலையில் இருபது ஆண்டுகள் சாப்பிட்டார்கள். மாடம்மாளின் மகள் அனுஷாவை, தாய் கடைக்குப் போன நேரமெல்லாம், இசக்கிசெல்விதான் வளர்த்தார்.

அடுப்பு பிரிந்தது 2016இல். காரணத்தை இருவரிடமும் தனித்தனியே கேட்டால் இரண்டு பதில் வரும். வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் கருவாடு சுட்டதால் என்பார் மாடம்மாள். குழாயடியில் நாலு பேர் முன்னால் குடத்தை நகர்த்தி வைத்ததால் என்பார் இசக்கிசெல்வி. எதுவானாலும் அவர் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கி வந்தார், வீட்டின் பின்பாதியில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டார், அதற்கு அந்தப் பக்கம் தனியாகப் பொங்கத் தொடங்கினார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் சாப்பிட்டார்கள். பெண்கள் இருவரும் ஒரே வாசலில் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு பேசாமல் போனார்கள்.

இவர்கள் பக்கத்தில் சொத்துப் பிரிவது பேச்சே இல்லை. பிரிக்கப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அடுப்புப் பிரிவதுதான் பேச்சு. பெண் எடுக்க வருகிறவர்கள் நகையைக் கேட்பதற்கு முன், எல்லாரும் ஒரே உலைதானே என்று கேட்பார்கள். அடுப்புப் பிரிந்த வீட்டில் வளர்ந்தவள் வருகிற வீட்டிலும் பிரிப்பாள் என்பது எண்ணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அனுஷாவைப் பெண் பார்க்கக் கரமனையிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை லிங்கராஜ் ஏசி பழுது பார்ப்பவர். அவர் அம்மா பேச்சித்தாய் கரமனைப் பாலத்துக்கு அருகே தட்டுக்கடை போட்டு, மாலையில் தோசையும் ரசவடையும் விற்கிறவர். கட்டிலில் அவரை உட்கார வைத்தார்கள். சேலைத் திரையைக் காணவில்லை. ஸ்டவ்வையும் காணவில்லை. விருந்தாளிகள் பாலம் இறங்குகிறார்கள் என்று யாரோ சொன்னதும், யாரும் கேட்காமலே, இசக்கிசெல்வி அடுப்பை அணைத்து, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, ஒரு பழந்துணியால் மூடியிருந்தார். டீயை எடுத்து வந்து கொடுத்ததும் அவர்தான். மூன்று ஆண்டுகளில் முதல் முறையாக அவர் மாடம்மாளின் அடுப்பில் போட்ட டீ.

டம்ளர்கள் இன்னும் கையில் இருந்தபோது வாசலில் கணக்கெடுக்கும் பெண்கள் வந்து நின்றார்கள்.

காலனியில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு ஊரிலேயே கிடந்தது. கார்டை வைத்துக் குடும்பத்தை எண்ண முடியாது என்பதால் அடுப்பை வைத்து எண்ணச் சொல்லியிருந்தார்கள். ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம். அந்தப் பெண்கள் மலையாளத்தில் கேட்டார்கள், இங்கே எத்தனை அடுப்பு?

பேச்சித்தாய் கட்டிலில் இருந்தபடி வாசலைப் பார்த்தார்.

“ஒண்ணுதான்,” என்றார் மாடம்மாள். “நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் பொங்குவோம்.”

வந்தவர்களில் ஒருத்தி இசக்கிசெல்வியிடமும் கேட்டாள். அவரும் ஒன்று என்றார்.

அதற்கு முன் அந்தக் காலனியில் எத்தனையோ கணக்கெடுப்பு நடந்திருந்தது. வெள்ளம் வந்தால் எண்ணுவார்கள், தேர்தல் வந்தால் எண்ணுவார்கள். எதிலிருந்தும் ஒரு செங்கல்கூட முளைத்ததில்லை. அன்று யாரும் அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாசியில் அனுஷாவுக்கும் லிங்கராஜுக்கும் கல்யாணம் நடந்தது.

இந்தக் கணக்கெடுப்புதான் முளைத்தது.

அந்தக் கணக்கை வைத்துக் காலனிக்கு அடுக்குமாடி வீடு கட்டும் அரசுத் திட்டம் ஒன்று வந்தது. காலனி நிலத்தை இரண்டாகப் பிரித்தார்கள் திட்டக்காரர்கள். சாலையைப் பார்த்த பக்கம் விற்பனைக்கு ஓர் உயரமான கட்டடம், பின்னால் காலனிக்காரர்களுக்கு பி, சி என்று பெயரிட்ட நான்கு மாடிக் கட்டடங்கள். முன்னதை விற்று வரும் பணத்தில் பின்னது எழும். எல்லோருக்கும் ஒரே வாசல், ஒரே முற்றம். முன் கட்டடத்தின் விளம்பரத் தட்டியில் ஆற்றை நீல நிறத்தில் போட்டிருந்தார்கள். காலனிக்காரர்கள் அந்த ஆற்றுக்கு முதுகைக் காட்டி வீடு கட்டியவர்கள். அந்தத் தட்டிக்குக் கீழே நின்று பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனாலும் சம்மதித்தார்கள். பிறந்த பிள்ளையைத் தண்ணீருக்குப் பயந்து தொட்டிலோடு உத்திரத்தில் ஏற்றிக் கட்டியவர்கள், மேலே கான்கிரீட் வரும் என்றால் சம்மதிக்காமல் என்ன செய்வார்கள்.

2021 கடைசியில் வீடுகளை இடித்தார்கள். ஆற்றோரம் தகரக் கொட்டகைகள் போட்டு, குடும்பத்துக்கு ஓர் அறை கொடுத்தார்கள். மாடம்மாளின் குடும்பம் ஒன்று என்று எழுதப்பட்டிருந்ததால் ஆறு பேருக்கும் ஓர் அறை. இசக்கிசெல்வியின் ஸ்டவ் வெளியே தார்ப்பாய்க்குக் கீழே எரிந்தது. அப்போது அதை எண்ண யாரும் வரவில்லை.

வன்னியபெருமாள் அந்தக் கொட்டகையில்தான் இறந்தார், 2023 ஆடியில், நெஞ்சுச் சளி முற்றி. கடைசி மாதங்களில் வாசலில் நாற்காலி போட்டு, எதிரே எழும்பிய பி கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முட்டுக் கொடுத்தது சரியில்லை, பலகையை அவசரப்பட்டுப் பிரிக்கிறான்கள் என்று முணுமுணுப்பார். மூன்றாம் மாடிக்குத் தளம் போட்ட அன்று, இது பரவாயில்லை என்றாராம்.

2025 ஜனவரியில் யாருக்கு எந்த வீடு என்று அறிவித்தார்கள். மாடம்மாளுக்கு பி கட்டடத்தில், அதே மூன்றாம் மாடியில் ஒரு வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. சுடலைக்கண்ணுவுக்கும் இசக்கிசெல்விக்கும் ஒன்றும் இல்லை. அவர்கள் மாடம்மாளின் குடும்பத்தில் அடக்கம்.

இடம் நெருக்கடி என்பது இல்லை விஷயம். நெருக்கத்தில் இருந்து பழகியவர்கள்தான். வீடு மாடம்மாள் பெயரில் பதிவாகும், அவருக்குப் பிறகு அனுஷாவுக்குப் போகும். முப்பது ஆண்டுகள் அதே மண்ணில் இருந்த சுடலைக்கண்ணுவின் பிள்ளைகளுக்கு, கல்லூரியில் படிக்கும் ஆதிராவுக்கும் பள்ளியில் இருக்கும் அனூப்புக்கும், அந்த நகரத்தில் சொல்லிக்கொள்ள ஒரு கதவு இருக்காது. ஆதிரா மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பெரியம்மா, இதில் நாங்கள் எங்கே?

இசக்கிசெல்வி மகளை அதட்டி உள்ளே போகச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இசக்கிசெல்வி ஐந்து ஆண்டுகளாக ஒரு வார்த்தை பேசியதில்லை. குத்திக் காட்டியதும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மாடம்மாள் கடையில் கூட வேலை செய்யும் பெண்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஆட்சேபம் சொல்ல வழி இருந்தது. ஆனால் காலனிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிக்கொள்வார்கள் என்று நினைத்தோ என்னவோ, விதியை இறுக்கி வைத்திருந்தார்கள். கணக்கெடுத்த காலத்தில் வீட்டுக்குள் வந்து பார்த்த, காலனியைச் சேராத ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். மாடம்மாள் யோசித்துப் பார்த்தார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலோடு போய்விடுவார். கடை முதலாளி காலனிக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அந்த நாட்களில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த வெளியாட்கள் கரமனைக்காரர்கள்தான். அந்த வீட்டில் பேச்சுக்கு உரியவர் பேச்சித்தாய்.

அவரிடம் போய், உங்களை ஏமாற்றினோம், இப்போது அதை அதிகாரிகள் முன்னால் வந்து சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும்.

அனுஷா போனில் வேண்டாம் என்றாள். மாமியார் இதுவரை ஒரு சுடுசொல் சொன்னதில்லை, பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்த பெண் என்ற பேரோடு அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று அழுதாள். சித்திக்கு வேறு ஏதாவது வழி செய்யலாம் என்றாள். என்ன வழி என்று அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் மாடம்மாள் கடைக்குப் போய் வந்தார், காம்பு கிள்ளினார். மூன்றாம் நாள் மதியம் முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கரமனைக்கு நடந்தார்.

பேச்சித்தாய் அப்போதுதான் கடையை விரித்து, பெஞ்சில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தி வந்த முகத்தைப் பார்த்து, வீட்டில் யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்றார் மாடம்மாள். உட்காரவில்லை.

“மைனி, ஒரு காரியம் சொல்லணும். கேட்டுட்டு கோவப்படுகதுன்னா எம்மேல படுங்க. பிள்ளைமேல வேண்டாம்.”

எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். அடுப்பு பிரிந்தது, சேலைத் திரை, கட்டிலுக்கு அடியில் தள்ளியது, வாசலில் சொன்ன ஒற்றை வார்த்தை, அதனால் இசக்கிசெல்விக்கு வீடு இல்லாமல் போனது. பேச்சித்தாய் கத்தியை நிறுத்தவில்லை.

“இத சொல்லதுக்கா இந்த வெயில்ல நடந்து வந்திய?” என்றார் கடைசியில். “அன்னைக்கு என்னைய எங்க இருக்க வச்சியன்னு ஓர்மை உண்டா?”

“கட்டில்ல.”

“கெண்டைக்கால்ல சூடு அடிச்சுப் பொரிஞ்சுது. முதல்ல வாதம்னுல்லா நெனச்சேன். பெறவு மண்ணெண்ண வாடை வந்து. முன்னால புளிக்கறி மணக்கு, பின்னால கருவாட்டுக் குழம்பு மணக்கு. கடை போட்டுப் பொழைக்கவளுக்கு ரெண்டு கையும் ரெண்டு உலையும் தெரியாமலா போகும்?”

மாடம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தார்.

தெரிந்துமா சம்மதித்தீர்கள் என்று கேட்டார். பேச்சித்தாய் வெங்காயத்தை ஏனத்தில் தள்ளிவிட்டு, அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கூட வந்த தன் கணவரிடம் சொன்னதைச் சொன்னார். முகம் பார்த்துப் பேசாத இரண்டு பெண்கள் ஒரு பிள்ளைக்காகச் சேர்ந்து நின்று மறைக்கிறார்கள், இந்த வீடு போதும் என்று சொன்னாராம்.

“எங்கிட்ட மறைச்சது சரி. வாசல்ல வந்தவகிட்டயும் அதையே சொன்னியளே மைனி. எனக்காகச் சொன்னிய. நான் கேக்கவே இல்லியே.”

முழங்கையை மடக்கி மாடம்மாள் கண்ணைத் துடைத்தார். அந்தப் பொய்யை மகளின் கல்யாணத்துக்குக் கொடுத்த விலை என்று இத்தனை காலம் தனக்குத்தானே சொல்லி வந்திருந்தார். அந்த விலையை யாரும் கேட்டிருக்கவில்லை.

பேச்சித்தாய் சாட்சி சொல்ல வருவதாகச் சொன்னார். காலையில் என்றால் வசதி, மாலையில் கடை இருக்கிறது. இருந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள், அனுஷாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

விசாரணை பிப்ரவரியில், கொட்டகைகளுக்கு நடுவே பந்தல் போட்டு நடந்தது. விசாரித்தவர் திட்ட அலுவலகத்தில் சுப்ரியா என்ற இளம் அதிகாரி. பொறுமையாகக் கேட்டார். பேச்சித்தாய் தமிழும் மலையாளமுமாகக் கட்டிலையும் கெண்டைக்காலையும் சொன்னபோது பந்தல் முழுக்கச் சிரித்தது. சுப்ரியாவும் சிரித்தார். பிறகு மாடம்மாளைப் பார்த்து, அன்று ஏன் ஒன்று என்று சொன்னீர்கள் என்று கேட்டார். இரண்டு என்று சொல்ல வாய் வரவில்லை, குற்றம் என்னுடையது, ஓரகத்தியின் மேல் ஒன்றும் இல்லை என்றார் மாடம்மாள்.

சுப்ரியா இசக்கிசெல்வியின் பக்கம் திரும்பினார். நீங்களும் ஒன்று என்றுதானே சொன்னீர்கள், அப்போது இவருடன் பேச்சுவார்த்தையே இல்லை என்கிறீர்களே, பின்னே எதற்காக?

இசக்கிசெல்வி எழுந்து நின்றார்.

“ஸ்டவ்வ எடுத்து உள்ள வச்சது நானாக்கும், மேடம். அவுங்க சொல்லல்ல. அனுஷா எங்கையில வளந்த பிள்ளை.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சுப்ரியா எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. இரண்டு குடும்பம் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பி கட்டடத்தில் வேறு வீடு மீதி இல்லை. இன்னொரு வீடு சி கட்டடத்தில் கிடைக்கும். சி கட்டடம் தகரக் கொட்டகைகள் நிற்கும் இடத்தில் வரவேண்டியது. யார் இப்போது பி-க்குப் போவது, யார் சி-க்குக் காத்திருப்பது என்பதைக் குடும்பத்தார் பேசி எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள்.

அன்று மாலை கொட்டகை வாசலில், வன்னியபெருமாள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் யாரும் உட்காராமல், நால்வரும் நின்றார்கள். மாடம்மாள், சுடலைக்கண்ணு, இசக்கிசெல்வி, ஆதிரா. பேசி முடிவெடுக்க ஒன்றும் இல்லை என்பதுபோல மாடம்மாள் தொடங்கினார்.

“பி-யில நீங்க ஏறுங்க. எம்பேரு சி-யில கிடக்கட்டு.”

சுடலைக்கண்ணு மறுத்தார். அது அண்ணனுக்கு வந்த வீடு, அண்ணன் பார்த்துப் பார்த்து எழும்பிய மாடி, அதில் நான் ஏறி மைனியை வெளியே நிறுத்தினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்றார். சி கட்டடம் எப்போது எழும்பும் என்று யாருக்குத் தெரியும் என்றும் கேட்டார். ஊர் என்ன சொல்லும் என்று பார்த்ததில்தான் ஒரு வீடு போகப் பார்த்தது, அது போதும் என்றார் மாடம்மாள். பிறகு, உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கின்றன, என் பிள்ளை ஒரு வீட்டில் இருக்கிறாள் என்றார்.

இசக்கிசெல்வி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அதுவரைக்கும் அக்கா எங்க இருப்பிய?”

ஒன்பது ஆண்டுகளில் அவர் அக்கா என்று அழைத்தது அப்போதுதான். அதை ஆதிரா கவனித்தாள்; மற்றவர்களும் கவனித்திருப்பார்கள், யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

“ஹால்ல ஒரு கட்டில் போட விடுவியா?”

“கட்டில் போடலாம். அடுப்பு?”

“கட்டிலுக்கு அடியில வச்சுக்கிடுதேன்.”

“சூடு ஆறின பெறவு வையுங்க,” என்றார் இசக்கிசெல்வி.

சுடலைக்கண்ணு சிரித்தார். பெண்கள் இருவரும் சிரிக்கவில்லை. இசக்கிசெல்வி தார்ப்பாய்க்குக் கீழே போய் உலைக்கு அரிசி அளந்தார். எத்தனை பேருக்கு அளந்தார் என்பதை மாடம்மாள் பார்க்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போலக் கடைக்குப் போனார். புதிதாக வந்த குண்டூர் வற்றல் மூட்டைகள் அவருக்காகப் பிரித்துக் கிடந்தன.

சாவி மார்ச் மூன்றாம் வாரம் கொடுக்கிறார்கள். பி கட்டடத்தின் மூன்றாம் மாடி வீடு சுடலைக்கண்ணு, இசக்கிசெல்வி பெயரில் பதிவாகும். கொட்டகைகளை மாதக் கடைசியில் பிரிப்பார்கள். சி கட்டடத்துக்கான டெண்டர் இன்னும் திறக்கப்படவில்லை.